ஐந்தாவது வரி

"நாலு வரி ஒழுங்கா வருது. அஞ்சாவது வரி மட்டும் கூப்பிடாமலே வந்து நிக்கு."

இப்படிச் சொல்லிக்கொண்டேதான் ஞானசிகாமணி தன் மடிக்கணினியை பியூலாவின் மேசைமேல் வைத்தார்.

அது ரத்தப் பரிசோதனை நிலையத்து மேசை. பியூலா அங்கே ரத்தம் எடுக்கிறவள். வயது முப்பத்து நாலு. ஞாயிற்றுக்கிழமையானால் வேதக் கோயிலில் பாட்டு வரிகளைத் திரையில் போடுகிறவளும் அவள்தான்.

ஞானசிகாமணிக்கு ஐம்பத்தாறு. இன்சூரன்ஸ் ஏஜென்ட். கல்யாண வரவேற்பா, பள்ளிக்கூட ஆண்டு விழாவா, ஊரில் எதுவானாலும் மைக் அவர் கைக்குத்தான் போகும். எதிரே இருப்பவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை முடித்துவைப்பது பெரும்பாலும் இவராக இருக்கும்.

அப்பேர்ப்பட்டவர் தன்னைவிட இருபத்திரண்டு வயது சின்னவளிடம் பாடம் கேட்க வந்து நின்றார். வேறு வழியில்லை. அசனப் பண்டிகைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

அசனம் என்றால் சபையார் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் கோயிலை ஒட்டிய ஹாலில் வினாடி வினா நடக்கும். நடத்துகிறவர் யார் என்று கேட்கவே வேண்டாம்.

"எந்த வரி அண்ணாச்சி?" என்றாள் பியூலா.

"போன வருஷத்து வரி. ஆத்துக் கேள்வி. அஞ்சு ஆத்துப் பேரு. அஞ்சாவது அதுவா வந்து என் மானத்த வாங்கிட்டு."

"இந்த வருஷம் என்ன செய்யணும்?"

"ஒவ்வொண்ணும் பறந்து வரணும். சுத்தி வரணும். துள்ளி விழணும். ஆனா நான் கூப்பிட்டாத்தான் வரணும். அத மட்டும் சொல்லித் தா."

சட்டையின் உள்பையிலிருந்து பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார்.

பியூலா பழைய ஃபைலைத் திறந்தாள். ஆற்றுக் கேள்விக்குப் போனாள். வலது பக்கம் ஒரு பட்டியல் விரிந்தது. வரிக்கு ஒரு சின்னப் படமாக, ஐந்து வரிக்கும் ஐந்து படம். பியூலா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆளுக்கு ரத்தம் எடுத்து முடித்திருக்கலாம், அவ்வளவு நேரம்.

"அந்த அஞ்சாவது வரி அதுவாவா வந்துது?"

"அதுவாத்தான்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"ஹாலே பாத்துச்சே. எனக்கு மறக்குமா?"

பியூலா பென் டிரைவைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு அரை மணி நேரம் முந்தி வாங்க."

"பாடம்?"

"அதான் பாடம்."

போன வருஷம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஞானசிகாமணி ஊருக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

கேள்வி இது. தாமிரபரணியில் வந்து சேரும் ஆறுகளில் ஐந்து. நான்கு திரையில் வரும். களக்காட்டு மலையிலிருந்து இறங்கி வரும் ஐந்தாவது ஆறு எது?

சேர்வலாறு வந்தது. மணிமுத்தாறு வந்தது. கடனா நதி வந்தது. சிற்றாறு வந்தது.

கடைசி வரிசையில் வேதமுத்து எழுந்து நின்றார்.

ஹாலில் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. வேதமுத்து தையல்காரர். பேச்சு திக்கும். இருபது வருஷமாக வினாடி வினாவுக்கு வந்து, எல்லா விடையையும் மனைவி எஸ்தரின் காதில் மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறவர். அன்றைக்கு என்னவோ எழுந்துவிட்டார். அவர் பிறந்தது களக்காடு. நீச்சல் பழகினது அந்த ஆற்றில்.

"ப..." என்றார்.

ஹால் திரும்பிப் பார்த்தது.

"ப... ப..."

திரையில் பச்சையாறு சுழன்றுகொண்டே வந்து நின்றது. கூடவே டிங் என்று ஒரு மணி. அந்த மணி ஞானசிகாமணி ஆசைப்பட்டுச் சேர்த்தது.

"மன்னிக்கணும் மக்களே! கம்ப்யூட்டரு முந்திரிக்கொட்ட மாதிரி முந்திக்கிட்டு!" என்றார் மைக்கில்.

ஹால் சிரித்தது. நல்ல சிரிப்பு. மைக் பிடிக்கிறவனுக்கு அந்தச் சிரிப்பு சாப்பாடு மாதிரி.

வேதமுத்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு உட்கார்ந்தார். அடுத்த கேள்வி போய்விட்டது.

அதிலிருந்து அவர் ஹால் பக்கம் வருவதில்லை. ஆராதனைக்கு மட்டும் வருவார், கதவோரம் நிற்பார், ஆசீர்வாதம் முடிந்ததும் போய்விடுவார்.

அவரும் ஞானசிகாமணியும் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. வாத்தியார் பெயர் கூப்பிடும்போது வேதமுத்துவுக்கு 'உள்ளேன்' வராது. ஞானசிகாமணி முந்திக்கொண்டு "இருக்கான் சார்" என்று சொல்லிவிடுவார். பத்தாம் வகுப்பு வரைக்கும் அப்படித்தான். அதை அவர் பெரிய உபகாரமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

ஞானசிகாமணிக்கு இன்றுவரை சட்டை தைப்பது வேதமுத்துதான். பென் டிரைவ் வைக்க உள்பைக்குள் இன்னொரு குட்டிப் பை வைத்துத் தைத்துக் கொடுத்ததும் அவர்தான். முன்பெல்லாம் அளவு எடுத்து எண்ணைச் சொல்வார், ஞானசிகாமணி நோட்டில் எழுதுவார். எண்ணும் திக்கித்தான் வரும். இந்த ஒரு வருஷமாக வேதமுத்து தானே எழுதிக்கொள்கிறார்.

சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று ஞானசிகாமணிக்குத் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

பியூலாவின் மேசை கோயிலின் முன்பக்கத் தூணை ஒட்டி இருந்தது. நாற்காலி திரைக்கு முதுகு காட்டிக் கிடந்தது.

"நாற்காலி திரும்பிக் கிடக்கே."

"சரியாத்தான் கிடக்கு. உக்காருங்க."

"திரைய எப்படிப் பாக்க?"

"திரைய சபையார் பாப்பாங்க. நீங்க அவங்களப் பாருங்க."

"கம்ப்யூட்டர்லயாவது பாத்துக்கிடட்டுமா?"

பியூலா மடிக்கணினியின் மூடியைப் பாதி சாய்த்துவிட்டாள். மவுஸை மட்டும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வரி முடிஞ்சதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அவங்க வாயில தெரியும்."

பாட்டு ஆரம்பித்தது. ஞானசிகாமணி அமுக்கினார். இரண்டாவது வரி சரியாக விழுந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தார்.

மூன்றாவது வரியில் கொஞ்சம் முந்திவிட்டார். சபை கடைசி வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு அந்தரத்தில் நின்றது. மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் பாடிக்கொண்டு போனார்கள். தெரியாதவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

சரிக்கட்டலாம் என்று நான்காவதை இன்னும் சீக்கிரம் அமுக்கினார். பாடகர் குழுவிலிருந்து ஒருத்தர் முறைத்தார். முன்வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்தது, பாட்டு முடிந்துவிட்டதா என்கிற மாதிரி.

கதவோரம் வேதமுத்து பாடிக்கொண்டிருந்தார். பாடும்போது அவருக்குத் திக்காது. ஒரு வரியும் அவர் விடவில்லை. ஆனால் அவர் திரையைப் பார்க்கவில்லை. மேசைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எதைப் பார்க்கிறார் என்று ஞானசிகாமணிக்கு அன்றைக்குப் பிடிபடவில்லை.

ஆராதனை முடிந்தது.

"வேகமாத்தான் போட்டேன்" என்றார் ஞானசிகாமணி. "தாமதம் ஆயிரக் கூடாதுல்லா."

"யாரு யாரு வரிய முடிக்கல?"

"என்னது?"

"நீங்க அமுக்கும்போது யாரு யாரு வாயில மிச்சம் இருந்துது?"

ஞானசிகாமணி யோசித்தார். ஒரு பெயரும் வரவில்லை. அத்தனை முகத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தும் அவர் ஒருத்தரையும் பார்த்திருக்கவில்லை.

"அடுத்த வாரம் சொல்லுங்க" என்றாள் பியூலா.

புதன்கிழமை மத்தியானம் மறுபடியும் பரிசோதனை நிலையத்துக்குப் போனார். இந்த வருஷத்துக்கான கேள்விகளை எல்லாம் ஜோடித்துக் கொண்டுபோயிருந்தார். ஒரு வரி இடமிருந்து பறந்து வந்தது, ஒரு வரி மேலிருந்து குதித்தது, ஒரு வரி பம்பரமாகச் சுற்றியது. விடைக்கு மத்தளச் சத்தம்.

பியூலா கடைசிவரை பார்த்தாள்.

"இது எதுக்கு இப்படிச் சுத்துது?"

"ஒரு கலகலப்புக்கு."

"சுத்தி முடிக்கிற வரைக்கும் யாராவது யோசிப்பாங்களா?"

பியூலா ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். சுற்றல் போனது. குதிப்பு போனது. மத்தளம் போனது. வரி சும்மா வந்து நின்றது.

"மொட்டையா இருக்கே."

"வரிதான அண்ணாச்சி."

பிறகு ஒரு புது ஸ்லைடு எடுத்தாள். மேசைமேல் கண்ணில் பட்டதை எல்லாம் வரிசையாக அடித்தாள். ஊசி. பஞ்சு. ரப்பர். குப்பி. பிளாஸ்திரி.

"இப்பப் பாருங்க."

ஒருமுறை அமுக்கினாள், ஊசி வந்தது. அமுக்கினாள், பஞ்சு. அமுக்கினாள், ரப்பர். அமுக்கினாள், குப்பி. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாலு விநாடி கழித்து பிளாஸ்திரி தானாகவே வந்து நின்றது.

"இப்படியா வந்துது?"

"இதேதான்! இதேதான் பியூலா!" ஞானசிகாமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நாந்தான் சொன்னேம்லா, அதுவா வந்துதுன்னு!"

"வலது பக்கம் அந்தப் படத்தப் பாருங்க. குப்பிக்குப் பக்கத்துல என்ன இருக்கு?"

"மவுஸ் படம்."

"பிளாஸ்திரிக்குப் பக்கத்துல?"

"கடிகாரம்."

"அதுவா வரணும்னா கடிகாரம் இருக்கும். ஆளு அமுக்கி வரணும்னா மவுஸ் இருக்கும். கம்ப்யூட்டருக்கு இதுல பொய் சொல்லத் தெரியாது."

ஞானசிகாமணி அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழைய ஃபைல எடுங்க. ஒண்ணோட ஒண்ணு வச்சிப் பாப்போம்."

அவர் கை உள்பைக்குப் போனது. குட்டிப் பைக்குள் பென் டிரைவ் விரலில் தட்டுப்பட்டது.

"வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்" என்றார்.

பியூலா அவர் கை இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"சரி அண்ணாச்சி."

அதற்குள் ரத்தம் கொடுக்க ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். "கைய மூடுங்க, ஒண்ணும் செய்யாது" என்று பியூலா அவரிடம் திரும்பிவிட்டாள்.

ஞானசிகாமணி தெருவில் இறங்கி நடந்தார். பென் டிரைவைப் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. அங்கே என்ன படம் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒரு வருஷமாகத் தெரியும். ஒரே கதையை ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி, சில நாள் அவருக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டிருந்தது. அவ்வளவுதான்.

வெட்கமாக இருந்தது. அவளிடம் பிடிபட்டதற்கு இல்லை. அவள் பிடிக்காமல் விட்டதற்கு.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு மணி நேரம் முந்தியே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திரை எங்கே இருக்கிறது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாட்டு ஆரம்பித்தது. அவர் வாய்களைப் பார்த்தார்.

போஸ்ட்மேன் சாலமோன் எல்லாரையும்விட அரை வார்த்தை பிந்திப் பாடுவார். பல் செட் கட்டிய சொர்ணத்தாய்க்கு வரிக் கடைசியில் காற்றுதான் வரும், ஆனாலும் வாய் மூடாது. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணுக்குப் பாட்டே தெரியாது, எழுத்துக் கூட்டிக் கூட்டி வந்துகொண்டிருந்தாள். இத்தனை வருஷம் இவர்களுக்கு முன்னால் மைக் பிடித்தவர், இதையெல்லாம் இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

காத்திருந்தார். எல்லா வாயும் மூடி, சபை ஒரு மூச்சு இழுத்தது. அப்போது அமுக்கினார்.

ஒருத்தரும் தடுமாறவில்லை. யாரோ வரி போடுகிறார்கள் என்ற நினைப்பே ஒருத்தருக்கும் வரவில்லை.

கதவோரம் வேதமுத்து அதே இடத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தார். ஞானசிகாமணி அவர் கண்ணைப் பின்தொடர்ந்து பார்த்தார். மேசை இல்லை. மடிக்கணினி இல்லை. மவுஸ்மேல் கிடந்த தன் கையை வேதமுத்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வரி மட்டும் கொஞ்சம் பிந்தி வந்தது.

ஆராதனை முடிந்து எல்லாரும் போனபிறகு பியூலா வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நாந்தான் அமுக்குனேன்" என்றார் ஞானசிகாமணி.

பியூலா சுருட்டுவதை நிறுத்தவில்லை.

"மவுஸ் படம்தான் இருக்கும். நீ அன்னைக்கே பாத்துட்ட."

"பாத்தேன்."

"ஏன் கேக்கல?"

"நீங்க அனிமேஷன் படிக்கத்தான வந்தீய."

ஞானசிகாமணி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அவன் நின்னான். 'ப... ப...'ங்கான். சபையே திரும்பிப் பாக்கு. பின்னால ரெண்டு பேரு சிரிக்க ஆரம்பிச்சிட்டாங்க. எனக்குத் தாங்கல. அவனக் காப்பாத்தலாம்னுதான்..."

பியூலா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இன்னும் மிச்சம் இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

"காப்பாத்த இல்ல" என்றார் அவர். "எனக்கு வெக்கமா இருந்துது. என் சேக்காளின்னு எல்லாருக்கும் தெரியும்லா. நான் மைக் பிடிச்சி நிக்கேன், என் சேக்காளி ஒரு வார்த்தைக்கு அந்தப் பாடு படுதான். சீக்கிரம் முடிஞ்சாப் போதும்னு இருந்துது. கை போயிட்டு."

"மணியும் அடிச்சுது" என்றாள் பியூலா.

"மணியும் அடிச்சுது. அதுக்கு மேல நான் ஜோக் வேற அடிச்சேன்."

அவர் கண் கலங்கியது. அதை மறைக்கவும் இல்லை.

"பியூலா, வந்த வரியத் திருப்பி அனுப்ப வழி இருக்கா?"

"இருக்கே."

மடிக்கணினியைத் திறந்து பென் டிரைவுக்குக் கை நீட்டினாள். ஞானசிகாமணி இந்தமுறை எடுத்துக் கொடுத்தார். ஆற்றுக் கேள்வி வந்தது. ஐந்து முறை அமுக்கினாள். சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனா நதி, சிற்றாறு. பச்சையாறு சுழன்று வந்து நின்றது. காலிக் கோயிலுக்குள் மணி டிங் என்றது.

இடது பக்கம் பார்த்த அம்புக்குறியை ஒருமுறை தட்டினாள். பச்சையாறு மறைந்தது. நாலு வரி மட்டும் நின்றது.

"போயிட்டா?"

"போயிட்டு."

"அஞ்சாவது என்ன பேரு அண்ணாச்சி?" என்று கேட்டாள் பியூலா.

ஞானசிகாமணி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

பியூலா மடிக்கணினியை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"இதுக்கு மேல எனக்குத் தெரிஞ்சது ஒண்ணும் இல்ல. தையல் கட எட்டு மணி வரைக்கும் தொறந்திருக்கும்."

திங்கட்கிழமை அவர் தையல் கடைக்குப் போனார். சட்டைக் கையில் பொத்தான் விட்டுப்போயிற்று என்றார். வழியில் அவரே பிய்த்ததுதான். வேதமுத்து தைத்துக் கொடுத்தார். ஞானசிகாமணி மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டார்.

புதன்கிழமை ஒரு கால்சட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். இடுப்பில் ஒரு விரல் விட வேண்டும் என்றார். வேதமுத்து அளந்தார், நோட்டில் தானே எழுதிக்கொண்டார். ஞானசிகாமணி மகனுடைய வேலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டார்.

ஆயிரம் மேடையில் பேசின வாய். பத்தடிக் கடைக்குள் அதற்கு ஒரு வாக்கியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. மறுநாள் வினாடி வினா. எஸ்தர் கடையில் இல்லை. வேதமுத்து ஒரு பள்ளிக்கூடச் சீருடைக்கு மடிப்பு அடித்துக்கொண்டிருந்தார்.

"வேதம்" என்றார் ஞானசிகாமணி.

வேதமுத்து நிமிர்ந்து பார்த்தார். பார்வை ஞானசிகாமணியின் முகத்தில் நிற்கவில்லை. வெறுங்கையோடு வந்திருக்கிறார் என்பதைப் பார்த்தது.

"போன வருஷம்... அந்த ஆறு... அந்த அஞ்சாவது..."

வேதமுத்து தையல் மெஷினின் சக்கரத்தை உள்ளங்கையால் பிடித்து நிறுத்தினார்.

"அது வந்து... நா... நான்..."

வார்த்தை எது என்று தெரியும். வாய் அதற்கு நேரே வந்து நிற்கிறது. தள்ள முடியவில்லை. காது சுடுகிறது. தெருவில் போகிற ஒரு ஆள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறான். எதிரே இருப்பவன் எதையாவது சொல்லி இதை முடித்து வைத்துவிட மாட்டானா என்று இருந்தது.

"நா... நா..."

வேதமுத்து முடித்து வைக்கவில்லை. தலையாட்டவில்லை. சிரிக்கவில்லை. சக்கரத்தில் கையை வைத்தபடி இருந்தார். அவசரம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாதவர் மாதிரி இருந்தார்.

"நாந்தான் அமுக்குனேன் வேதம். அதுவா வரல. நான் அமுக்குனேன்."

"தெ... தெரியும்."

ஞானசிகாமணி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொ... சொல்லல. எனக்குப் பேச்சு நிக்கும்போது நான் ஆளு மொகத்தப் பா... பாக்க மாட்டேன். கையத்தான் பாப்பேன். அன்னைக்கு உன் கையப் பாத்துக்கிட்டுதான் நி... நின்னேன்."

கடையில் தைத்து முடித்த சட்டைகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஞானசிகாமணி அவற்றைப் பார்த்தார். அதில் ஒன்று அவருடையது, நாளைக்கு மேடையில் போட வேண்டியது.

"என்ன மன்னிச்சிரு."

வேதமுத்து சரி என்கிற மாதிரிக் கையை அசைத்தார்.

"நாளைக்கு வா வேதம். நான் சுத்தலை எல்லாம் எடுத்துட்டேன். மணிய எடுத்துட்டேன். நீ எம்புட்டு நேரம் நின்னாலும் நான் அமுக்க மாட்டேன்."

"வே... வேண்டாம்."

"சத்தியமா அமுக்க மாட்டேன்ல."

"அதுக்கு இல்ல." வேதமுத்து சீருடையைத் திருப்பிப் போட்டார். "நீ எனக்காவக் காத்துக்கிட்டு நி... நிப்ப. ஹால் பூரா அதப் பா... பாக்கும். எனக்கு அதுவும் கஷ்டம். அன்னைக்கு ஒரு நாள்தான் எனக்கு எந்திக்கத் தோணுச்சு. அது போ... போயிட்டு."

ஞானசிகாமணிக்கு அழுகை வந்தது. பேசித் தீர்த்துவிடலாம் என்று நினைத்து வந்தவர் அவர். எதையும் பேசித்தான் அவர் தீர்த்திருக்கிறார்.

வேதமுத்து தொங்கிய சட்டையை எடுத்து மடித்துத் தாளில் சுற்றிக் கொடுத்தார். ஞானசிகாமணி அதை வாங்கிக்கொண்டு எழுந்தார். படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார்.

"ஒரு வருஷம் ஆச்சு. தெரிஞ்சி வச்சிக்கிட்டு ஒரு வார்த்த கேக்கலியேல நீ."

வேதமுத்து சக்கரத்திலிருந்து கையை எடுத்தார்.

"நீ சொ... சொல்லி முடிக்கட்டும்னு இருந்தேன்."